வால்வு ப்ரீஆம்ப்பைச் சேர்ந்து கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் நால்வர். ஒரே வால்வு ப்ரீஆம்ப் சர்க்யூட்டை ஒரே மேசையில் நான்கு பெட்டிகளாகக் கட்டி முடித்தோம். வால்வு என்பது ட்ரான்சிஸ்டருக்கு முன்பே வந்த, சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய். ப்ரீஆம்ப் என்பது சிடி ப்ளேயர் போன்ற கருவிக்கும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்கும் நடுவே நிற்கும் பெட்டி. அதன் பிறகு இதே வேலையில் இறங்கிய நண்பர்கள் கேட்ட கேள்விகளையும், கட்டும்போது எங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். வேறு எதையும் சொல்லாமல் ஒரு வோல்டேஜைக் குறிப்பிட்டால், அது மூன்றாவது பதிலில் இருக்கும் சர்க்யூட்டின் அளவு.

ப்ரீஆம்ப் எனக்கு உண்மையிலேயே தேவையா?

சத்தத்தைக் கூட்டுவதற்கு என்றால், அநேகமாகத் தேவையில்லை. சிடி ப்ளேயர் உச்சத்தில் 2 வோல்ட் சிக்னல் தருகிறது. பெரும்பாலான பவர் ஆம்ப்கள் 1 வோல்ட் அளவிலேயே முழுச் சத்தத்தை எட்டிவிடும். கையில் ஏற்கெனவே தேவைக்கு மேல் சிக்னல் இருக்கிறது.

ப்ரீஆம்ப்பின் வேலை வேறு. பல கருவிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, சத்தத்தைக் கட்டுப்படுத்துவது, நீளமான கேபிளையும் அதன் மறுமுனையில் இருக்கும் பவர் ஆம்ப்பையும் தளராமல் ஓட்டுவது. இந்த மூன்றாவது வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் முறை கட்டுபவர்கள் "பேஸ் இல்லை", "மேல் சுரம் மங்கலாக இருக்கிறது" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எந்த வால்வைத் தேர்ந்தெடுப்பது? எல்லோரும் 12ஏஎக்ஸ்7 என்கிறார்களே?

12ஏஎக்ஸ்7 அருமையான வால்வு. ஐரோப்பியப் பெயர் இசிசி83. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோடு (சூடாகிக் கரண்டைத் தரும் கேத்தோடு, அதைக் கட்டுப்படுத்தும் கிரிட், அதை வாங்கும் ப்ளேட் என மூன்று முனை கொண்ட பெருக்கி), பெருக்கத் திறன் 100. கிட்டார் ஆம்ப்புக்கும் ரெக்கார்டு ப்ளேயரின் மிகச் சிறிய சிக்னலுக்கும் இதை விட்டால் ஆள் இல்லை. ஆனால் அதன் உள் மின்தடை சுமார் 62 கிலோ ஓம். 100 கிலோ ஓம் ப்ளேட் ரெசிஸ்டரோடு வைத்தால் சிக்னல் 60 மடங்குக்கு மேல் பெருகும். ஏற்கெனவே 2 வோல்ட் இருக்கும் இடத்தில் இதை வைத்தால் வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே வீடு அதிரும். அதோடு வால்வின் சொந்த இரைச்சலும் பெருகி வரும்.

லைன் ப்ரீஆம்ப்புக்கு (சிடி ப்ளேயர் போன்றவற்றின் பெரிய சிக்னலுக்கானது) நாங்கள் எடுத்தது 12ஏயூ7, அதாவது இசிசி82. பெருக்கத் திறன் சுமார் 17 முதல் 20 வரை, உள் மின்தடையும் குறைவு. பெரிய எட்டு முள் வால்வு பிடிக்கும் என்றால் 6எஸ்என்7 இதே குணம் கொண்டது, தாராளமாக எடுக்கலாம். 6டிஜே8 கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வயரிங்கில் சிறு கவனக்குறைவு இருந்தாலும் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் தானாகவே அலையத் தொடங்கிவிடும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

நீங்கள் கட்டிய சர்க்யூட் என்ன?

ஒரு சேனலுக்கு ஒரு 12ஏயூ7. உள்ளே வரும் சிக்னல் 100 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் வழியாக, 1 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரைத் தாண்டி, முதல் ட்ரையோடின் கிரிட்டுக்குப் போகிறது. அதன் ப்ளேட்டில் 47 கிலோ ஓம், கேத்தோடில் 1.5 கிலோ ஓம். கேத்தோடு ரெசிஸ்டருக்குக் குறுக்கே கண்டன்சர் வைக்கவில்லை. வைத்தால் பெருக்கம் கூடும், நமக்கு அது தேவையில்லை. இந்த அமைப்பில் சுமார் 10 மடங்கு கிடைக்கிறது, அதுவே அதிகம்தான்.

முதல் ட்ரையோடின் ப்ளேட் நேராக இரண்டாவது ட்ரையோடின் கிரிட்டுக்குப் போகிறது. இரண்டாவது, கேத்தோடு ஃபாலோயர்: சிக்னலைப் பெருக்காமல், நீளமான கேபிளை ஓட்டும் பலத்தை மட்டும் தருவது. அதன் ப்ளேட் நேராக உயர் வோல்டேஜ் லைனில், கேத்தோடுக்குக் கீழே 47 கிலோ ஓம். கேத்தோடிலிருந்து 2.2 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கண்டன்சர் வழியாக சிக்னல் வெளியே வருகிறது. வெளியேறும் இடத்தில் எர்த்துக்கு ஒரு 1 மெகா ஓம்.

உயர் வோல்டேஜ் லைன், பழைய ரேடியோக்காரர்கள் மொழியில் எச்.டி., சுமார் 250 வோல்ட். முதல் ப்ளேட்டில் 120 வோல்ட்டும் முதல் கேத்தோடில் 4 வோல்ட்டும் இரண்டாவது கேத்தோடில் 120-125 வோல்ட்டும் வர வேண்டும்.

சின்ன விஷயம்தான், ஆனால் அவசியம். இரண்டாவது ட்ரையோடின் கிரிட்டிலிருந்து கேத்தோடுக்கு ஒரு டையோடு வையுங்கள். டையோடின் ஆனோடு கிரிட் பக்கம், கோடு போட்ட முனை கேத்தோடு பக்கம். ஸ்விட்ச் போட்ட முதல் சில வினாடிகளில் வால்வு இன்னும் சூடாகியிருக்காது, கரண்ட் ஓடாது. அப்போது அந்த கிரிட் முழு எச்.டி.யிலும் கேத்தோடு சுழியிலும் நிற்கும். மயிரிழை இடைவெளியில் நிற்கும் இரண்டுக்கும் நடுவே அத்தனை வோல்ட் இருந்தால் வால்வுக்கு நல்லதல்ல. சூடான பிறகு கிரிட் கேத்தோடை விடக் கீழே இருக்கும், டையோடு சும்மா நிற்கும்.

எவ்வளவு ஆபத்தானது? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

உயிரை எடுக்கும் அளவுக்கு ஆபத்தானது. எங்கள் பவர் சப்ளையில் 47 மைக்ரோஃபாரட் கண்டன்சர்கள் நான்கு. 300 வோல்ட்டில் அவற்றுக்குள் 8 ஜூலுக்கு மேல் ஆற்றல் தேங்கி நிற்கிறது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். வடிகால் ரெசிஸ்டர் இல்லாமல், வால்வையும் கழற்றி வைத்திருந்தால் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும்.

எங்கள் சப்ளையில் 220 கிலோ ஓமும் 56 கிலோ ஓமும் தொடராக எச்.டி.க்கும் எர்த்துக்கும் இடையே எப்போதும் இருக்கின்றன. வால்வு எதுவும் இழுக்காவிட்டாலும் 300 வோல்ட் சுமார் இரண்டு நிமிடத்தில் 30 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஆனால் நேரத்தை எண்ணி நம்பக் கூடாது, மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ரெசிஸ்டரின் ஒரு கால் ஈயத்திலிருந்து விட்டிருந்தால் இரண்டு நிமிடம் என்ற கணக்குக்கு அர்த்தமே இல்லை.

எங்கள் மேசையில் இருந்த விதிகள்: பெட்டி திறந்திருக்கும்போது தனியாக யாரும் ஸ்விட்ச் போடக் கூடாது. மீட்டரின் கறுப்பு வயரை முதலைக் கிளிப்பால் எர்த்தில் மாட்டிவிட்டு, சிவப்பு முனையை ஒரே கையால் பிடிக்க வேண்டும். மற்றக் கை மேசைக்குக் கீழே. மோதிரம், உலோக வாட்ச் கழற்றி வைத்த பிறகே உட்கார வேண்டும். தூக்கம் வந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது. பெட்டியின் உலோக உடல் மூன்றாவது முள் வழியாக மெயின்ஸ் எர்த்தில் உறுதியாக, போல்ட் போட்டு இணைந்திருக்க வேண்டும். மெயின்ஸ் பக்கம் ஃப்யூஸ் இல்லாமல் ஒரு வினாடிகூட ஓடக் கூடாது.

ட்ரான்ஸ்பார்மர் இல்லாமல் மெயின்ஸை நேராக ரெக்டிஃபை செய்யும் (ஏசியை டிசி ஆக்கும்) சர்க்யூட்டுகள் சில பழைய ரேடியோக்களில் உண்டு. அவற்றில் பெட்டியின் உடலே மெயின்ஸோடு இணைந்திருக்கும். பணம் மிச்சம் என்று யாராவது அதைப் பரிந்துரைத்தால் கேட்காதீர்கள்.

சேர்ந்து கட்டுவதால் என்ன லாபம்? தனியாகவே செய்யலாமே?

செய்யலாம். ஆனால் சேர்ந்து கட்டும்போது கிடைக்கிற ஒன்று தனியாகக் கட்டும்போது எந்த விலைக்கும் கிடைக்காது: ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பெட்டி.

நால்வரும் ஒரே நாளில் வோல்டேஜ் அளந்தோம். ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினோம். முதல் ப்ளேட்டில் மூன்று பெட்டிகளில் 118, 121, 116. நான்காவதில் 200ஐத் தாண்டியிருந்தது. கேத்தோடில் மற்ற மூன்றிலும் 4 வோல்ட், அதில் 10க்கு மேல். தனியாகக் கட்டியிருந்தால், "வால்வு பழசு போல" என்று நினைத்து வேறு வால்வைத் தேடியிருப்பார் அந்த நண்பர். மூன்று பெட்டி ஒரு மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் இருந்ததால் நேராகக் கேத்தோடு ரெசிஸ்டரைப் பார்த்தோம். 1.5 கிலோ ஓம் என்றால் பழுப்பு, பச்சை, சிவப்பு. அதில் இருந்தது பழுப்பு, பச்சை, ஆரஞ்சு, அதாவது 15 கிலோ ஓம். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் சரியானது. அன்றிலிருந்து ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் அளந்த பிறகே வைக்கிறோம்.

அப்புறம், ஒருவர் வைத்த வயரிங்கை இன்னொருவர் சரிபார்ப்பது. தான் செய்த தவறு தன் கண்ணுக்குப் படாது. சர்க்யூட் படத்தின் நகலில், பார்த்து முடித்த ஒவ்வொரு இணைப்பின் மேலும் வண்ணப் பென்சிலால் கோடு போட வேண்டும். கோடு விழாத இணைப்பு ஒன்று மிச்சம் இருந்தாலும் ஸ்விட்ச் போடுவதில்லை.

எத்தனை பேர் இருந்தால் நல்லது?

மூன்று அல்லது நான்கு. இருவர் என்றால் இரண்டு பெட்டியும் வேறுபடும்போது எது சரி என்று தெரியாது. ஆறு பேருக்கு மேல் போனால் சர்க்யூட்டை ஆளுக்கொரு விதமாக மாற்ற ஆசைப்படுவார்கள், ஒப்பீடு என்பதே போய்விடும். முதல் பெட்டி பாடும்வரை எவரும் ஒரு ரெசிஸ்டரைக்கூட மாற்றக் கூடாது என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பவர் சப்ளைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

கட்டாயம். ப்ரீஆம்ப்பின் தரத்தில் பாதிக்கு மேல் பவர் சப்ளையிலும் எர்த் வயர்களிலும்தான் இருக்கிறது. அபூர்வ வால்வுக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியை இங்கே போடுங்கள் என்பேன்.

எங்கள் கணக்கு இது. ட்ரான்ஸ்பார்மர் தருவது 220 வோல்ட் ஏசி. நான்கு 1என்4007 டையோடுகள் அதை டிசி ஆக்குகின்றன. முதல் 47 மைக்ரோஃபாரட் கண்டன்சரில் சுமார் 305 வோல்ட், அதன்மேல் 2.5 வோல்ட் அளவுக்கு ஏற்ற இறக்கம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த ஏற்ற இறக்கம் 100 ஹெர்ட்ஸில் இருக்கும் (60 என்றால் 120). அடுத்து 3.3 கிலோ ஓமும் இன்னொரு 47 மைக்ரோஃபாரட்டும். 100 ஹெர்ட்ஸில் அந்தக் கண்டன்சரின் தடை 34 ஓம்தான். ஆகவே ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட 97-இல் ஒரு பங்காகி 26 மில்லிவோல்ட்டுக்கு இறங்குகிறது. பிறகு ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக 4.7 கிலோ ஓம், 47 மைக்ரோஃபாரட். இப்போது 0.2 மில்லிவோல்ட். மூன்று ரெசிஸ்டர், சில கண்டன்சர், அவ்வளவுதான். ரெகுலேட்டர் எதுவும் இல்லை.

கண்டன்சர்களின் வோல்டேஜ் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். வால்வு சூடாகும் வரை யாரும் கரண்ட் இழுக்காததால் எல்லாக் கண்டன்சரும் முழு உச்ச வோல்டேஜைப் பார்க்கும். மெயின்ஸ் கொஞ்சம் கூடினால் அது 340ஐத் தொடும். 350 வோல்ட் கண்டன்சர் போதாது, 450 வோல்ட் வாங்குங்கள். எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சரின் பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். இதை இன்னொருவர் கண்தான் சரிபார்க்க வேண்டும்.

ப்ளேட் ரெசிஸ்டருக்குக் கால் வாட் போதுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 47 கிலோ ஓமில் 2.8 மில்லிஆம்பியர் ஓடினால் 0.37 வாட் சூடு. 1 வாட்டுக்குக் குறையாமல் வையுங்கள், 2 வாட் வைத்தால் நிம்மதி.

ஹீட்டருக்கு ஏசியா, டிசியா?

ஹீட்டர் என்பது கேத்தோடைச் சூடாக்கும் இழை. லைன் ப்ரீஆம்ப்புக்கு அதற்கு ஏசி போதும், ஒழுங்காக வயர் இழுத்தால். 12ஏயூ7-இன் ஹீட்டரை 12.6 வோல்ட்டில் தொடராகவோ (150 மில்லிஆம்பியர்) 6.3 வோல்ட்டில் இணையாகவோ (300 மில்லிஆம்பியர்) ஓட்டலாம். இணையாக ஓட்ட 4, 5-ஆம் முட்களைச் சேர்த்து ஒரு பக்கம், 9 மறுபக்கம். இரண்டு வயரையும் இறுக்கமாக முறுக்கி, பெட்டியின் மூலையை ஒட்டியே கொண்டு போய், சாக்கெட்டுக்கு மட்டும் செங்குத்தாக வரவேண்டும். கிரிட் வயரோடு அவை கூடவே ஓடக் கூடாது.

பலர் விட்டுவிடும் ஒன்றும் இருக்கிறது. கேத்தோடு ஃபாலோயரின் கேத்தோடு 120 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. ஹீட்டர் எர்த்தில் இருந்தால் இரண்டுக்கும் இடையே முழு 120. இதற்கு எல்லை உண்டு, இந்த வகை வால்வுகளில் 180-200 வோல்ட் அளவில். எல்லைக்குள்தான் இருக்கிறோம், ஆனாலும் அழுத்தத்தைக் குறைப்பது நல்லது. முன்பே சொன்ன 220, 56 கிலோ ஓம் இணையும் இடத்தில் சுமார் 60 வோல்ட் கிடைக்கிறது. ஹீட்டரின் இரண்டு வயரிலிருந்தும் தலா ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் வைத்து, அவை சேரும் இடத்தை இந்த 60 வோல்ட்டில் இணையுங்கள். 56 கிலோ ஓமுக்குக் குறுக்கே ஒரு 10 மைக்ரோஃபாரட். அழுத்தமும் குறைகிறது, ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்குக் கசியும் ஹம்மும் (மெயின்ஸ் மின்சாரத்தின் முனகல் சத்தம்) குறைகிறது.

ஹம் போகவே மாட்டேன் என்கிறது. எங்கே தேடுவது?

முதலில் காதால் பிரித்துப் பாருங்கள். மென்மையான, அடித்தொண்டை முனகல் போன்ற "ம்ம்ம்" என்றால் 50 ஹெர்ட்ஸ். ஹீட்டர் வயர், ட்ரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருக்கும் கிரிட், இரண்டு கருவிகளுக்கு இடையே எர்த் சுற்று, இவற்றில் ஒன்று. கரகரப்போடு கூடிய "ஸ்ர்ர்ர்" என்றால் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். பவர் சப்ளையோ, அதன் எர்த் வயரோ காரணம்.

பிறகு வால்யூமை அடியோடு குறையுங்கள். ஹம் போய்விட்டால் அது வால்யூமுக்கு முன்னால் வருகிறது. போகாவிட்டால் அந்தச் சேனலின் வால்வையே கழற்றிக் கேளுங்கள் (ஆஃப் செய்து, காத்திருந்து, அளந்து பார்த்த பிறகு). இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால் இடம் பிடிபடும்.

எங்கள் பெட்டிகளில் ஒன்று வலது சேனலில் மட்டும் கரகரத்தது. வோல்டேஜ் எல்லாம் மற்ற மூன்றோடு அப்படியே ஒத்துப்போனது. வால்வை மாற்றினோம், கண்டன்சரை மாற்றினோம், மாறவில்லை. ஒரு மாலை முழுக்கத் தேடிய பிறகு, நல்ல பெட்டியையும் கெட்ட பெட்டியையும் பக்கத்தில் வைத்து வயர் வயராகப் பார்த்தோம். ரெக்டிஃபையரின் மைனஸ் வயர் முதல் கண்டன்சரின் மைனஸுக்குப் போகாமல், வலது சேனலின் இன்புட் எர்த் இருக்கும் டேக்கில் (வயர்களை ஈயம் வைத்து இணைக்கும் உலோக நாக்கில்) இணைந்திருந்தது. கண்டன்சர் ஒவ்வொரு முறை சார்ஜ் ஆகும்போதும் பாயும் கூர்மையான கரண்ட், சிக்னலின் எர்த் வழியாகவே போயிருக்கிறது. ஒரு விரல் நீள வயரை இடம் மாற்றினோம். பெட்டி அமைதியாகிவிட்டது, ஸ்பீக்கரில் காதை வைத்தாலும் மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும்தான்.

எனவே வரிசை இதுதான்: ரெக்டிஃபையரின் மைனஸ் நேராக முதல் கண்டன்சரின் மைனஸுக்கு. அங்கிருந்து ஒரே ஒரு வயர் பொது எர்த் புள்ளிக்கு. ஒவ்வொரு சேனலின் எர்த்தும் தனித்தனியாக அந்தப் புள்ளிக்கு. அந்தப் புள்ளியிலிருந்து ஒரே இடத்தில் பெட்டிக்கு.

ஹம்மை அடக்க மெயின்ஸ் எர்த்தைக் கழற்றிவிடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். கூடவே கூடாது. அந்த வயர் உங்கள் உயிருக்கானது.

ட்ரான்ஸ்பார்மரை எங்கே வைப்பது?

இன்புட்டிலிருந்து முடிந்த அளவு தூரத்தில். துளை போடும் முன்பு மேசையில் ட்ரான்ஸ்பார்மரை வெவ்வேறு இடத்திலும் கோணத்திலும் வைத்து, ஒவ்வொரு முறையும் ப்ரீஆம்ப்பை ஓடவிட்டுக் கேட்டுப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் ஹம் சட்டென்று குறையும். அந்தக் கோணத்திலேயே பொருத்துங்கள். மெயின்ஸ் முனைகளை முழுதாக மூடிய பிறகே இந்தச் சோதனை. ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் ஸ்விட்ச் ஆஃப்.

சர்க்யூட் போர்டா, டேக் ஸ்ட்ரிப் வயரிங்கா?

டேக் ஸ்ட்ரிப், அதாவது டேக்குகள் வரிசையாக உள்ள பட்டை. மாற்றுவதும் அளப்பதும் சுலபம், சாக்கெட்டின் சூட்டில் போர்டின் செம்புக் கோடு உரிந்து வரும் தொல்லையும் இல்லை. கம்பியை முதலில் டேக்கில் கொக்கி போல வளைத்து இறுக்கிய பிறகுதான் ஈயம். கிரிட் ரெசிஸ்டரின் உடல் சாக்கெட் முள்ளை ஒட்டியே இருக்கட்டும்.

முதல் முறை ஸ்விட்ச் போடும்போது என்ன வரிசை?

மெயின்ஸ் லைனில் தொடராக ஒரு 40 அல்லது 60 வாட் பழைய இழை பல்பை வையுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரிந்து கரண்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், ட்ரான்ஸ்பார்மர் தப்பிக்கும். சரியாக இருந்தால் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கும்.

முதல் சுற்று வால்வே இல்லாமல். ஹீட்டர் வோல்டேஜ், எச்.டி. இரண்டையும் பாருங்கள். சுமை இல்லாததால் இரண்டும் கூடுதலாகவே காட்டும், பயப்பட வேண்டாம். ஆஃப் செய்து எச்.டி. இறங்குகிறதா என்று மீட்டரில் பாருங்கள். வடிகால் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அடுத்த சுற்றில் வால்வை மாட்டி, ஒரு நிமிடம் விட்டு, கேத்தோடிலிருந்து தொடங்குங்கள். கேத்தோடு 4.2 வோல்ட், ரெசிஸ்டர் 1.5 கிலோ ஓம், ஆகவே கரண்ட் 2.8 மில்லிஆம்பியர். அதை 47 கிலோ ஓமால் பெருக்கினால் ப்ளேட் ரெசிஸ்டரில் 132 வோல்ட் இழப்பு. 250-இலிருந்து கழித்தால் 118. ப்ளேட்டில் அளந்தால் அதற்குப் பக்கத்தில் வருகிறதா? வந்தால் அந்த ஸ்டேஜ் உயிரோடு இருக்கிறது.

இந்தக் கணக்கு முதல் முறை சரியாக வரும் தருணம் இருக்கிறதே, பாட்டு கேட்பதற்கு முன்பே மனம் நிறைந்துவிடும். தாளில் போட்ட எண் மீட்டரில் தெரிகிறது.

பல்பை எடுத்துவிட்டு ஓட்டியதும், நல்ல பவர் ஆம்ப்பில் மாட்டும் முன் அவுட்புட்டில் டிசி இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் நிலையாக நின்றால் அவுட்புட் கண்டன்சர் கசிகிறது.

சத்தம் வருகிறது, ஆனால் பேஸ் இல்லை. ஏன்?

அவுட்புட் கண்டன்சரையும் பவர் ஆம்ப்பின் இன்புட் தடையையும் சேர்த்துப் பாருங்கள். பழைய வால்வு சர்க்யூட்டுகளில் 0.1 மைக்ரோஃபாரட் என்றிருக்கும். அந்தக் காலத்துப் பவர் ஆம்ப்பின் இன்புட் 1 மெகா ஓம் என்றால் 1.6 ஹெர்ட்ஸ் வரை போகும், பிரச்சினை இல்லை. இன்றைய ட்ரான்சிஸ்டர் பவர் ஆம்ப் பலவற்றில் 10 கிலோ ஓம்தான். அதே 0.1 மைக்ரோஃபாரட் இப்போது 159 ஹெர்ட்ஸிலேயே வெட்டத் தொடங்கும், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமே காணாமல் போகும். 2.2 மைக்ரோஃபாரட் என்றால் 7 ஹெர்ட்ஸ். அதனால்தான் அந்த அளவு.

மேல் சுரங்கள் மங்கலாக இருப்பதற்கு?

இரண்டு இடத்தைப் பாருங்கள். 12ஏஎக்ஸ்7-இன் ப்ளேட்டிலிருந்து நேராக அவுட்புட் எடுத்தால் வெளித்தடை சுமார் 38 கிலோ ஓம். 5 மீட்டர் கேபிளில் 500 பிக்கோஃபாரட் இருந்தால் 8 கிலோஹெர்ட்ஸிலேயே சரியத் தொடங்கும். கேத்தோடு ஃபாலோயரில் வெளித்தடை 600 ஓம் அளவு, அதே கேபிள் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இன்னொன்று வால்யூம் கண்ட்ரோல். 1 மெகா ஓம் போட்டிருந்தால், குமிழ் நடுவில் இருக்கும்போது கிரிட்டுக்கு முன்னால் 250 கிலோ ஓம் நிற்கும். 12ஏஎக்ஸ்7-இல் கிரிட்டுக்கும் ப்ளேட்டுக்கும் இடையே இருக்கும் 1.7 பிக்கோஃபாரட், பெருக்கத்தால் 100 பிக்கோஃபாரட்டுக்கு மேல் வீங்கித் தெரியும். இரண்டும் சேர்ந்து 6 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலேயே வெட்டிவிடும். 100 கிலோ ஓம் போதும்.

பழைய வால்வு வாங்கலாமா? பார்த்துச் சொல்ல முடியுமா?

வாங்கலாம், ஆனால் முதல் பெட்டிக்குப் புதியதையே வாங்குங்கள். ஸ்லோவாக்கியாவில் ஜேஜே, ரஷ்யாவின் சராத்தோவில் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் பெயரில் வருபவை என இன்றும் தயாராகின்றன. எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி வால்வு இருந்தால்தான் ஒப்பீடு பொருள்படும்.

பழைய வால்வைக் கையில் எடுத்தால் மேலே இருக்கும் வெள்ளிப் பூச்சைப் பாருங்கள். கண்ணாடி போலப் பளபளத்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. பால் போல வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. ஹீட்டர் ஒளிர்வதை வைத்து மட்டும் வால்வின் ஆரோக்கியத்தைச் சொல்ல முடியாது.

பெயர் ஒத்துப்போவதாகச் சொல்லப்படும் மாற்று வால்வுகளில் முள் வரிசையைச் சரிபாருங்கள். சோவியத் 6என்2பி, பெருக்கத்தில் 12ஏஎக்ஸ்7 போலவே இருக்கும். ஆனால் அதன் ஹீட்டர் 4, 5-ஆம் முட்களில் மட்டும். 9-ஆம் முள் நடுத்தடுப்பு. அப்படியே மாட்டினால் ஹீட்டர் எரியாது. 5814ஏ நம் 12ஏயூ7 இடத்தில் உட்காரும், ஆனால் 6.3 வோல்ட்டில் 350 மில்லிஆம்பியர் கேட்கும்.

வால்வைத் தட்டினால் ஸ்பீக்கரில் "டிங்" என்கிறது.

உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் அதிர்கின்றன. பென்சிலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டும்போது லேசாகக் கேட்பது சகஜம். மேசையில் கை வைத்தாலே கேட்டால் வேறு வால்வைப் போடுங்கள், அல்லது சாக்கெட்டை ரப்பர் வளையத்தின் மேல் பொருத்துங்கள்.

விலை உயர்ந்த கண்டன்சர் போட்டால் வித்தியாசம் தெரியுமா?

சிக்னல் பாதையில் நல்ல பாலிப்ரொப்பிலீன் கண்டன்சர் போதும் என்பது என் கருத்து. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது சாதாரண பாலிப்ரொப்பிலீனையும் பத்து மடங்கு விலை உள்ளதையும் நால்வராலும் பிரிக்க முடியவில்லை. ஆனால் எர்த் வயரை இடம் மாற்றியதை அடுத்த அறையில் இருந்தவர்கூடக் கவனித்தார்.

வால்வு ஒலி "இனிமை" என்கிறார்களே, உண்மையா?

ட்ரையோடின் வளைவு நேர்கோடு இல்லை. அதனால் சிக்னலோடு சிறிதளவு இரண்டாம் ஹார்மோனிக் சேருகிறது. அது மூல ஸ்வரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே நிற்பது. தார ஸ்தாயி ஸட்ஜமம் மத்திய ஸ்தாயி ஸட்ஜமத்தோடு சண்டை போடாது அல்லவா, அதுபோல இதுவும் காதை உறுத்துவதில்லை. ஒரு வோல்ட் அளவில் ஓடும் நல்ல ப்ரீஆம்ப்பில் இந்தச் சேர்க்கையும் மிகக் குறைவு. எங்கள் பெட்டியில் நான் கேட்பது தெளிவும் அமைதியும்தான். எனக்கு அதுவே போதும்.

இதிலேயே ரெக்கார்டு ப்ளேயரை மாட்டலாமா?

முடியாது. மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவைச் சிக்னலாக்கும் பாகம்) தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். அதற்கு 1 கிலோஹெர்ட்ஸில் 100 மடங்கு அளவில் பெருக்கமும், 1954-இல் பொதுவான ஆர்ஐஏஏ வளைவுக்கு (ரெக்கார்டு பதியும்போது பேஸைக் குறைத்து மேல் சுரத்தைக் கூட்டும் பொது அளவு) ஏற்ற திருத்தமும் வேண்டும். 3180, 318, 75 மைக்ரோசெகண்ட் என்ற மூன்று கால அளவுகளை ரெசிஸ்டர்-கண்டன்சரால் அமைக்க வேண்டும். 12ஏஎக்ஸ்7-இன் இடம் இதுதான். இங்கே ஹீட்டருக்கு டிசி கொடுப்பதும் பலன் தரும். லைன் ப்ரீஆம்ப் ஹம் இல்லாமல் ஓடிய பிறகு தனிப் பெட்டியாகத் தொடங்குங்கள். நாங்கள் இப்போது கட்டிக்கொண்டிருப்பது அதைத்தான்.

ஆன், ஆஃப் செய்வதில் வரிசை உண்டா?

உண்டு. ப்ரீஆம்ப்பை முதலில் ஆன் செய்து ஒரு நிமிடம் விடுங்கள். கேத்தோடு 120 வோல்ட்டுக்கு ஏறும்போது அவுட்புட் கண்டன்சர் சார்ஜ் ஆகும், அந்த அதிர்ச்சி வெளியே போகும். அது அடங்கிய பிறகு பவர் ஆம்ப். நிறுத்தும்போது பவர் ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரின் கோன் "தொம்" என்று ஒரு முறை முன்னால் வந்து போகும். வீட்டில் மற்றவர்களும் பயன்படுத்துவார்கள் என்றால், ஒரு நிமிடம் கழித்து அவுட்புட்டை இணைக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு ஸ்விட்ச்) ஒன்றை உள்ளே வைத்துவிடுங்கள்.